தலைகீழாகப் பிடித்த கோல்ஃப் மட்டை

மினி லாரியிலிருந்து இறக்கிய முதல் சாக்கை என் நாத்தனார் கவிழ்த்ததும் கோல்ஃப் மட்டைகள் கலகலவென்று தரையில் சரிந்தன. இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் காந்தத்தை எடுத்து ஒரு மட்டையின் தலையில் வைத்தாள். ஒட்டிக்கொண்டது. அடுத்ததில் வைத்தாள். அதுவும் ஒட்டியது. பிறகு காந்தத்தைக் குவியலுக்குள் இறக்கி வெளியே இழுத்தாள். தூண்டிலில் மீன் மாட்டியதுபோல் ஒரு கொத்து மட்டை கூடவே எழுந்து வந்தது.

"போச்சு அண்ணி. அத்தனையும் இரும்பு."

புத்தூர் பைபாஸ் ஓரத்தில் பழைய இரும்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒரு பெண் நடத்துவது நாத்தனாரின் கடை ஒன்றுதான். அவள் என் கணவரின் தங்கை. அவளுடைய கணவர் குவைத்துக்குப் போனவர். முதலில் பணம் அனுப்பினார், பிறகு போன் மட்டும் செய்தார், பிறகு அதுவும் நின்றுபோனது. கடை இவள் கைக்கு வந்தது. நான் திருப்பதியில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வேலை பார்த்தேன். விபத்து, ஏலம், கோயில் விழா, மாங்காய் விலை என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சும்மா இருப்பதற்குப் பதில் எடை மெஷின் பக்கத்தில் உட்காரலாமே என்று நாத்தனார் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன்.

பழைய இரும்புக் கடையில் காந்தம் சொல்வதுதான் விலை. ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் எவர்சில்வர், பித்தளை, அலுமினியம். அதைக் கண்ணாலும் கனத்தாலும் பிரித்துக்கொள்ளலாம். எவர்சில்வர் விலைக்குப் பக்கத்தில் இரும்பு விலை நிற்கவே முடியாது. அந்த மட்டைகளை நாங்கள் எவர்சில்வர் விலையை ஒட்டிக் கேட்டு வாங்கியிருந்தோம்.

நடந்தது இதுதான். தடா பக்கத்தில், தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு குடியிருப்புக்குள் கோல்ஃப் பழகும் மைதானம் இருந்தது. அதை மூடிவிட்டு வேறு ஏதோ கட்டப் போகிறார்கள் என்று சாமான்களை ஏலம் விட்டார்கள். வலை, பிளாஸ்டிக் நாற்காலி, புல் வெட்டும் மெஷின், அப்புறம் ஊர் திரும்பியவர்கள் விட்டுப்போன மட்டைகள், சாக்குச் சாக்காக. சாக்கின் வாயைப் பிரித்துப் பார்க்கலாம், கீழே கொட்டிப் பார்க்கக் கூடாது என்றார்கள். எந்த ஏலத்திலும் அப்படித்தான். சாக்குக்கு வெளியே, பெரிய தலை வைத்த நீள மட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தலையும் ஒரு சின்னப் பப்பாளி அளவு. நாத்தனார் காந்தத்தை அவற்றின்மேல் ஓட்டிப் பார்த்தாள். ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவற்றுக்குக் கீழே குட்டை மட்டைகளின் தலைகள் பளபளத்தன. மேலே இருப்பது ஒட்டவில்லை, கீழே இருப்பது மின்னுகிறது, ஆகவே மொத்தமும் எவர்சில்வர் என்று முடிவு கட்டினாள். பக்கத்தில் நின்ற எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவள் சொன்ன விலையைக் கேட்டதும் மற்ற வியாபாரிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்கள் ஒதுங்கியதை எங்கள் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டோம்.

யாரும் எங்களை ஏமாற்றவில்லை. நீள மட்டை சாக்குக்கு வெளியே தெரியும், குட்டை மட்டை உள்ளே அமுங்கும். அவ்வளவுதான். கடைக்கு வந்து பிரித்தபோது பெரிய தலைகள் கொஞ்சம்தான் இருந்தன. அவையும் உள்ளே வெற்றாக, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் இருந்தன. "அலுமினியம்" என்று சொல்லி நாத்தனார் அவற்றை ஓரமாகத் தள்ளினாள். அவை மாட்டியிருந்த கம்புகளும் இரும்பு இல்லை, கார்பன் நாரில் செய்த கருப்புக் கம்புகள்.

லோடுக்குக் கொடுத்தது கடை இடத்துக்கு அட்வான்ஸ் கட்ட வைத்திருந்த பணம். இடத்தின் சொந்தக்காரர் சித்தூரில் இருக்கிறார். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புது ஒப்பந்தம் எழுதுவார். இந்த முறை அட்வான்ஸை உயர்த்திவிட்டு, ஆனி முடிவதற்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஆடியில் யாரும் புதிதாக எதுவும் எழுதமாட்டார்கள், அதனால் அதற்கு மேல் தவணை கிடையாது. கொண்டுவராவிட்டால் இடம் எதிர்க்கடைக்காரருக்குப் போகும். கையில் இருந்த பணம் உயர்த்திய அட்வான்ஸுக்குப் போதவில்லை என்பதால்தான், ஒரு லோடு வாங்கி விற்றுப் பெருக்கிக்கொள்ளலாம் என்று தடாவுக்கே போனோம். இப்போது அந்தப் பணம் மட்டைகளாகத் தரையில் கிடந்தது.

எதிர்க்கடைக்காரர் சாயங்காலமே சாலையைக் கடந்து வந்தார். பைபாஸிலேயே பெரிய கடை அவருடையது; எங்கள் வேலியை ஒட்டியும் அவருக்கு ஓர் இடம் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல், வெள்ளைச் சட்டை, நிதானமான நடை. வாடிக்கையாளர்களிடம் தெலுங்கில் பேசுவார், எங்களிடம் தமிழில்.

"இன்னா தங்கச்சி, புத்தூருக்கு ஹாக்கி டீம் எறக்கிக்கினு வந்துட்டியா?"

"கோல்ஃப், அண்ணா."

"எதுவா இருந்தா இன்னா. காந்தம் இன்னா சொல்லுது?"

அவர் தன் சட்டைப் பையிலிருந்து சொந்தக் காந்தத்தை எடுத்து இரண்டு தலைகளில் வைத்துப் பார்த்துவிட்டு, துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இரும்பு விலைக்கு எடுத்துக்கறேன். இந்தக் கருப்புக் கம்பு கீது பாரு, இத்த ஒருத்தனும் சீண்டமாட்டான். நீயே வெச்சிக்கினு பந்தல் போட்டுப் பீர்க்கங்கா ஏத்து." குரலைத் தணித்துக்கொண்டார். "இடத்தையும் வுட்டுடும்மா. சித்தூருக்கும் இங்கயும் எதுக்கு அலைஞ்சிக்கினு கீற? நான் பாத்துக்கறேன். நீ வேணும்னா எங்க கடையில எடைக்கு உக்காரு."

"எடைக்கு எங்க அண்ணி உக்காருவாங்க. நானும் கூட வருவேன். ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுத்தா உனுக்குக் கட்டுப்படியாவாது அண்ணா."

அவர் சிரித்தார். கோபப்படுகிற மனிதர் இல்லை. ஆனி முடியும்வரை காத்திருந்தால் போதும் என்று அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் மட்டைகளை மட்டைகளாகவே விற்கப் பார்த்தோம். நான் திருப்பதியிலும் சென்னையிலும் விளையாட்டுச் சாமான் கடைகளுக்குப் போன் செய்தேன். ஜோடி சேராத பழைய மட்டை வேண்டாம் என்றார்கள். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று தங்கையிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், தள்ளவில்லை. கருப்புக் கம்புகள் லேசாகவும் நீளமாகவும் இருந்ததால், இரண்டை இணைத்து நுனியில் வலை கட்டி மாங்காய் பறிக்கும் கம்பாகக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கம் தோப்புக்குக் குறைவில்லை. ஒரு கம்பு தயார் செய்தும்விட்டாள். கரண்ட் கம்பியில் கம்பு பட்டுத் தோப்பில் ஆள் இறந்த செய்தியை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும், மற்ற வரிகள் அப்படியே இருக்கும். அதனால் கம்பில் கரண்ட் பாய்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பேட்டரியில் ஒரு சின்ன பல்பை மாட்டி, நடுவில் கருப்புக் கம்பைச் சேர்த்தாள். பல்பு எரிந்தது. வலையை அவிழ்த்துக் கம்பைக் குவியலில் எறிந்தாள்.

வைகாசி பாதி போயிருந்தபோது கடைக்கு முன்னால் ஒரு ஆட்டோ பஞ்சராகி நின்றது. புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள் என்பது ஆந்திரா, தமிழ்நாடு இரண்டு மாநிலத்துக்கும் தெரிந்த விஷயம். அந்த ஆட்டோவில் இருந்தவர் ஒரு லாரி டிரைவர். முழங்காலிலிருந்து பாதம் வரை மூங்கில் பட்டை வைத்துக் கட்டு. பக்கத்தில் மனைவி. டிரைவர் ஆட்டோவிலிருந்து ஒற்றைக் காலில் இறங்கி, எங்கள் வேலியில் சாய்ந்திருந்த மட்டைகளில் ஒன்றை இழுத்து ஊன்றிக்கொண்டார். தலையை உள்ளங்கையில் பிடித்திருந்தார். ரப்பர் பிடி தரையில் இருந்தது.

நான் டிவியில் கோல்ஃப் பார்த்தவள். "அண்ணா, தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க. ரப்பர் பக்கம்தான் கைப்பிடி" என்றேன்.

அவர் மட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ரப்பர் தரையிலதாம்மா இருக்கணும். வழுக்கி வுழறது தரையில. கையில எவன் வழுக்கி வுழுந்தான்?"

சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்து போனார். போனவர் டீ குடித்துவிட்டு நடந்தே திரும்பி வந்தார். தலை சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்ததால் உள்ளங்கை முன்னால் வழுக்கவில்லை. மட்டையின் முதுகில் இருந்த குழிவில் அவர் கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்திருந்தது. பஞ்சர் ஒட்டி முடித்ததும் மட்டையோடு ஆட்டோவில் ஏறினார்.

"நைனா, கட்டைய வெச்சிட்டுப் போ" என்றாள் நாத்தனார்.

"எவ்ளோன்னு சொல்லும்மா."

அவள் கண் இமைக்காமல் ஒரு விலை சொன்னாள். எங்கிருந்து அந்த விலை வந்தது என்று இன்றுவரை அவளுக்கும் தெரியாது. டிரைவரின் மனைவி ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"பழைய இரும்புக்கா இவ்ளோ கேக்கற?"

"பழைய இரும்புன்னா வெச்சிட்டுப் போங்க. கைத்தடின்னா காசு குடுங்க."

"ஒடஞ்சா?"

"ஒடஞ்சா எட்த்துக்கினு வா, வேற தரேன்."

கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள். அப்படிக் குறைத்துக் கொடுத்த பணத்துக்கே இரும்பு விலையில் ஒரு கட்டு மட்டை வாங்கலாம். ஆட்டோ போன பிறகு நாத்தனார் எடை மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, எடை போடாம ஒரு சாமான வித்துட்டோம்."

மறுநாளிலிருந்து கடையின் பின்பக்கம் பட்டறையாக மாறியது. வெட்டுவதும் ராவுவதும் அவள் வேலை. தலையின் கூரான விளிம்பை கிரைண்டரில் மழுக்கினாள். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, தலைமேல் இறுக்கிச் சுற்றினாள். அளவுதான் முதலில் சிக்கலாக இருந்தது. மணிக்கட்டு எலும்பிலிருந்து தரைவரை தடி வந்தால் போதும்; குட்டையான ஆளுக்கு மட்டையை வெட்ட வேண்டும், ஆனால் வெட்ட வேண்டிய நுனியில்தான் ரப்பர் இருந்தது. ரப்பருக்குள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தால் உருவிக்கொண்டு வருகிறது என்று கண்டுபிடித்தாள். குழாயை வெட்டிவிட்டு அதே ரப்பரை மறுபடி ஏற்றினாள்.

சோதனை பார்ப்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே கனமான ஆளான என் கணவரை ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தாள். அவர் ஒவ்வொரு வகைத் தடியின்மேலும் முழு பாரத்தையும் போட்டுச் சாய வேண்டும்.

"இதுக்கா என்னக் கூப்ட்ட?"

"நீதானே அண்ணா தள்ளிவுடு தள்ளிவுடுன்ன. இப்ப நல்லா தள்ளு."

இரும்புக் குழாய்கள் தாங்கின. ஒன்று மட்டும் வளைந்தது. வளைவது கண்ணுக்குத் தெரிந்து, அவர் சுதாரித்துக்கொண்டார். கருப்புக் கம்பு படாரென்று முறிந்து, ஈட்டிபோல் நாருடன் நின்றது. அவர் டயர் குவியலில் போய் உட்கார்ந்தார். ஏற்கனவே கால் உடைந்தவர்கள் கையில் கருப்புக் கம்பைக் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவானது. முடிவைச் சொன்னவர் என் கணவர், டயர் குவியலில் இருந்தபடியே.

கட்டுப் போடும் இடத்துக்குப் போகும் வழியில் கட்டுத்துணியும் பற்றில் குழைக்கும் முட்டையும் விற்கும் கடைகள் உண்டு. அதில் ஒரு கடை வாசலில் பெயிண்ட் டிரம் ஒன்றை வைத்து, தடிகளை நிறுத்தினோம். கடைக்கார அம்மாவுக்கு ஒரு பங்கு. முதல் சில நாட்கள் எல்லோரும் எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். அப்புறம் அந்த லாரி டிரைவர் அடுத்த கட்டுக்கு வந்தார், அதே தடியோடு. கட்டுக்காக வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேச்சைத் தவிர வேறு வேலை கிடையாது. அன்று மத்தியானத்துக்குள் டிரம் காலியாகிவிட்டது என்று கடைக்கார அம்மா போன் செய்தார்.

அதோடு நாங்கள் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. கால் சரியானவர்கள் தடியை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. மூலையில் தடி நின்றால் இன்னொரு கால் உடையும் என்று பல வீடுகளில் ஒரு பயம். கடைசிக் கட்டைப் பிரிக்க வரும்போது தடியையும் கொண்டுவந்து எங்கேயாவது சாய்த்துவிட்டுப் போனார்கள். நாத்தனார் இதைக் கேள்விப்பட்டதும், திருப்பிக் கொடுத்தால் பாதி விலை என்று அறிவித்தாள். அறிவிப்பை அட்டையில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதியது நான். திரும்பி வந்த தடிக்குப் புது டியூப் சுற்றி மறுபடி டிரம்மில் நிறுத்தினாள்.

இடதுகைக்காரர்களின் மட்டை மட்டும் போதவில்லை. வலது கால் உடைந்தவர்கள் இடது கையில் தடி ஊன்றுவார்கள். இடதுகை மட்டையில்தான் அவர்கள் கட்டைவிரல் சரியாகக் குழிவில் உட்காரும். சாக்குகளைக் கவிழ்த்து இடதுகை மட்டைகளைத் தேடி எடுத்துத் தனியாக வைத்தோம். அவற்றுக்கு அவள் கூடுதல் விலை வைத்தாள். "அதெப்படி?" என்று கேட்டவர்களிடம், "அடுத்த தபா எடது கால ஒடச்சிக்கினு வா, கொறச்சித் தரேன்" என்றாள். கேட்டவரும் சிரித்துக்கொண்டே வாங்கினார்.

ஆனி பிறந்தது. மாங்காய் டிராக்டர்கள் பைபாஸில் ஓட ஆரம்பித்தன. தடிகள் தினமும் விற்றன, ஆனால் தடி விற்ற பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மாதத்தின் கடைசி வாரத்தில் கணக்குப் பார்த்தபோது அட்வான்ஸில் இன்னும் கால்பங்கு குறைந்தது. எதிர்க்கடைக்காரருக்கும் அது எப்படியோ தெரிந்திருந்தது. இந்த முறை அவர் வந்தபோது ஹாக்கி டீமைப் பற்றிப் பேசவில்லை.

"தடி நல்லா போவுது போல" என்றார். "அந்தப் பெரிய தலை சும்மாதானே கீது. அலுமினியம் விலைக்குக் குடு. ரெண்டு நாள்ல சித்தூர் போவணும் இல்ல நீ?"

நியாயமான விலைதான் சொன்னார். அவர் வண்டி அனுப்பும் முன் கம்புகளிலிருந்து தலைகளை வெட்டிப் பிரித்து வைப்பதாகச் சொல்லி அனுப்பிய நாத்தனார், கட்டிங் மெஷினை எடுத்து முதல் தலையின் கழுத்தில் வைத்தாள். பிளேடு கொஞ்சம் இறங்கித் தலையைத் தொட்டதும் வெள்ளை வெளேரென்று பொறி பறந்தது. தீபாவளிக்குக் கொளுத்தும் கம்பி மத்தாப்புபோல், கண் கூசும் வெள்ளை. அவள் மெஷினை நிறுத்தினாள். மறுபடி வைத்தாள். மறுபடி அதே பொறி. மூலையில் கிடந்த பழைய குக்கர் மூடியை எடுத்து வெட்டிப் பார்த்தாள். சத்தம் வந்தது, பொறி வரவில்லை.

"அண்ணி, அலுமினியத்துக்குப் பொறி வராது. இது வேற இன்னமோ."

"இரும்பா?"

"இரும்புன்னா காந்தம் புடிக்கணும். பொறியும் மஞ்சளா வரும். இது ரெண்டும் இல்ல."

செய்தி எழுதுகிற காலத்தில், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள். திருப்பதியில் உலோகத்தைப் பரிசோதிக்கும் கருவி வைத்திருந்த ஒரு வியாபாரியை முன்பு ஒரு செய்திக்காகப் பார்த்திருக்கிறேன். தலைகளையும் சில குட்டை மட்டைகளையும் இரண்டு பைகளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். எதிர்க்கடைக்காரரின் வண்டி வந்தபோது கடை பூட்டியிருந்தது.

கருவி பார்ப்பதற்குத் துளை போடும் டிரில்லிங் மெஷின் மாதிரி இருந்தது. வியாபாரி அதைப் பெரிய தலையில் வைத்து அழுத்தினார். திரையைப் பார்த்துவிட்டு, இன்னொரு தலையில் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார். அதுவரை நின்றுகொண்டிருந்தோம்.

"டைட்டானியம்" என்றார்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் விமானத்திலும் செயற்கை மூட்டிலும் வைப்பார்கள் என்பதுதான். அதைச் சொன்னேன்.

"எவர்சில்வரவிட ஜாஸ்தியா கொறச்சலா, சார்?" என்று அவரிடம் கேட்டாள்.

"பாக ஜாஸ்தி, அம்மா. ரொம்ப ரொம்ப ஜாஸ்தி."

குட்டை மட்டையிலும் கருவியை வைக்கச் சொன்னாள். அதைப் பார்த்த வியாபாரி, இதுவும் எவர்சில்வர் ஜாதிதான், காந்தம் பிடிக்கிற வகை, அப்படி ஒன்று உண்டு என்றார். அதாவது, ஒட்டியது என்று நாங்கள் இரும்பாக்கியதும் தப்பு, ஒட்டவில்லை லேசாக இருக்கிறது என்று அலுமினியமாக்கியதும் தப்பு. எங்கள் வரிசையில் அத்தனை கடைகளும் அதே காந்தத்தை வைத்துத்தான் வியாபாரம் செய்கின்றன. நாத்தனார் பையிலிருந்து ஒரு குட்டை மட்டையை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள். "இத்த வெட்டிக் குடுக்க மாட்டேன் சார். இது தடிக்குப் போனா இன்னும் நல்ல விலை" என்றாள். பெரிய தலைகளுக்கு அவர் சொன்ன முதல் விலையை ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து பையைக் கட்டினாள். அவர் இரண்டாவது விலை சொன்னார். மறுபடி உட்கார்ந்தாள்.

சித்தூருக்கு ஆனி முடியும் முன், முழு அட்வான்ஸோடு போய்ச் சேர்ந்தோம். மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு வந்த டிராக்டர்கள் ஊரின் நுழைவிலேயே வரிசை கட்டி நின்றன. இடத்துக்காரர் வீட்டு வாசல்வரை மாங்காய் வாசனை அடித்தது. எதிர்க்கடைக்காரர் காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தார் என்பது எங்களுக்கு உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. இடத்துக்காரர் ஓய்வு பெற்ற அரசு அலுவலர். மரியாதையாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"நீ வரமாட்டேன்னு சொன்னாரும்மா. நீ தர்றதவிட ஜாஸ்தி தரேங்கறாரு."

"தருவாரு சார்."

நாத்தனார் பணத்தை மேஜைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"அவரு கேட்டதுக்கு நான் இன்னா சொல்றது?"

"எங்க கடைய ஒட்டியே அவருக்குச் சொந்த இடம் ஒண்ணு கீது சார். உங்களுதையும் எடுத்துக்கினா நடுவுல இருக்கற வேலியப் புடுங்கிட்டு ஒண்ணாக்குவாரு. பத்து வருஷம் கழிச்சி எது உங்களுது எது அவருதுன்னு நீங்கதான் வந்து அளக்கணும். என்னுதுல இன்னிக்கும் நீங்க நட்ட கல்லு நட்ட எடத்துலயே கீது. வந்து பாருங்க."

அவர் தண்ணீர் டம்ளரை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். நிலத் தகராறுகளைப் பற்றிய செய்திகளை நான் எத்தனையோ எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் எல்லாமே ஒரு வேலியில்தான் ஆரம்பிக்கும். அவருக்கும் தெரிந்திருந்தது.

"சரேம்மா. பதினோரு மாசத்துக்கு எழுதிடலாம்."

"மூணு வருஷம் சார்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"மூணு வருஷம்னா ரிஜிஸ்டர் பண்ணணும். அதுக்குச் செலவு கீது."

"செலவு என்னுது. ரெண்டாவது வருஷத்துலேர்ந்து வாடகையும் ஏத்திக்கோங்க. ஆனா மூணு வருஷத்துக்கு என்ன யாரும் அங்கேர்ந்து எழுப்பக் கூடாது."

அவர் உள்ளே பார்த்துப் பேனா கொண்டுவரச் சொன்னார். மறுநாள் ரிஜிஸ்டர் ஆபீஸில் நாத்தனார் கையெழுத்துப் போட்டாள். சாட்சி இருவரில் ஒருத்தி நான்.

திருப்பதி வழியாகத் திரும்பினோம். புத்தலப்பட்டில் பஸ் நின்றபோது அவித்த வேர்க்கடலை வாங்கி, உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள். தின்று முடித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணி, கேட் போட்டுடலாமா?"

கடைக்கு அதுவரை கேட் இருந்ததில்லை. குறுக்கே ஒரு சங்கிலி மட்டும் தொங்கும். பதினோரு மாத இடத்துக்கு யார் கேட் போடுவார்கள்?

அந்த வாரமே ரேணிகுண்டாவில் இடித்துக்கொண்டிருந்த அரிசி மில் ஒன்றின் இரட்டைக் கேட்டை எடைக்கு வாங்கிவந்தாள். இறக்கி நிறுத்திப் பார்த்தபோது அது எங்கள் வாசலைவிட அகலமாக இருந்தது. கேட்டை வெட்டிச் சின்னதாக்கலாம் என்றார் வெல்டர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எல்லைக் கல்லைத் தொடாமல், சங்கிலி மாட்டியிருந்த வாசல் தூண் ஒன்றைப் பெயர்த்து வாசலை அகலமாக்கினாள்.